கரிசல் மண்ணும் கம்பிச் சோதனையும்

மழை பொய்த்த கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையின் கரிசலைப் பற்றிச் சம்சாரிகள் சொல்லும் குறைகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டிருக்கிறோமாயினும், இத்தகைய வறண்ட மண்ணோடு தந்தி இலாகாவினரும் மல்லாட வேண்டியிருந்தது என்ற விஷயத்தைப் பலர் அறியார். டாக்டர் ஓஷானஸியின் முயற்சியால் 1851இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே ஓடத் தொடங்கி, 1855இல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிடப்பட்ட தந்தி முறையில், செய்தியைக் கொண்டுசெல்லப் பெரும்பாலும் ஒற்றைக் கம்பியே இருந்தது. மின்சாரம் திரும்பி வருவதற்குப் பூமியே மார்க்கம். ஈரமண் இதற்கு இசைந்து கொடுக்கும். காய்ந்த மண் கொடுக்காது. ஆதலால் உலர்ந்த பிரதேசங்களில் உலோகத் தகட்டை ஆழப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீரும் ஊற்றி வந்தார்கள். செய்தி நின்றுபோனால், கம்பி அறுந்ததா, மண் காய்ந்ததா என்று பிரித்தறிவதே சோதிப்பவரின் முதற்கடமை.

அறுந்த கம்பி, மண்ணைத் தொட்ட கம்பி, அண்டைக் கம்பியோடு உரசிய கம்பி என்று பிழைகள் பிரதானமாக மூவகை. இவற்றுள் இரண்டாவது, ஆபீஸை விட்டு நகராமலே இன்ன தூரத்தில் இருக்கிறது என்று கணித்துச் சொன்ன முர்ரே வளையச் சோதனையை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் நீளும் கம்பியொன்று பழுதாயிற்று என்று கொள்வோம். அதன் கடைமுனையைப் பழுதற்ற மற்றொரு கம்பியோடு முடிந்தால் 32 கிலோமீட்டர் வளையம் கிடைக்கும். இரண்டும் ஒரே தடிமனாயிருக்க, அளவுகருவி 3க்கு 5 என்ற விகிதத்தில் சமநிலை காட்டினால், பிழை வளையத்தின் எட்டில் மூன்று பங்குத் தூரத்தில், அதாவது 12ஆவது கிலோமீட்டரில். லைன்மேன் சைக்கிளை நேரே அவ்விடத்துக்கே விடலாம்.

தொலைபேசி பரவி, 198க்குப் புகார் சொல்லும் காலமும் வந்தது. 04566 என்ற எஸ்டிடி எண்ணின் கீழ் இச்சீமை நாட்டோடு இணைந்தது. 2013 ஜூலையில் தந்தி விடைபெற்றது.

தந்தி போயினும் பழுது தேடும் வேலை போகவில்லை. இன்று ஒரு நிறுவனத்தின் இரு ஊர்க் கிளைகளை ஒரே கட்டிடத்தில் இருப்பவை போல் இணைக்கும் இரண்டாம் அடுக்கு விபிஎன், கடிதத்தைப் பிரிக்காமலே வேறோர் உறைக்குள் இட்டு அனுப்புவது போல, ஈதர்நெட் சட்டகத்தை முழுமையாக எம்பிஎல்எஸ் என்னும் வழிகாட்டும் லேபிளுக்குள் பொதிந்து செலுத்துகிறது. இரு முனைச் சுவிட்சுகளிலும் இணைப்பு எண் ஒன்றாதல் வேண்டும். சட்டகம் சுமக்கக்கூடிய உச்ச அளவான எம்டியு பொருந்தாவிடில் இணைப்பு எழும்பாமலே போகக்கூடும். இதனினும் இடர் தருவது, இணைப்பு உயிரோடிருப்பதாகத் திரை காட்டியும் செய்தி கடவாத நிலை. அப்போது வலையின் உட்பிரிவைக் குறிக்கும் விலான் எண்ணைப் பார்த்து, எதிர்முனைக் கருவியின் அடையாளமான மேக் முகவரி பதிவாகியிருக்கிறதா என்று நோக்கி, அனுப்பிய கணக்கு ஏறியும் பெற்ற கணக்கு அசையாதிருந்தால் பழுது வரும்வழியில் என்று கொண்டு, பாதையைத் துண்டு துண்டாகச் சோதிக்கிறார்கள். கருவி மாறியும் வழிமுறை தந்தி ஆபீஸில் கம்பிப் பழுதைச் சோதித்த அந்தப் பழைய மேஜையின் வழிமுறையே என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆனால் அந்த மேஜையில் அமர்ந்தவர்களின் அனுபவத்தைத் தமிழில் எழுதிவைக்க நாம் போதிய சிரத்தை எடுக்கவில்லை. ஓய்வுபெற்ற லைன்மேன்கள் நம் ஊர்களிலேயே வசிக்கிறார்கள். பழைய பழுதுப் பதிவேடு எதுவும் எவர் வீட்டிலேனும் இருந்தால், அதைப் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாமல் ஊர் நூலகத்தில் சேர்ப்பிக்குமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.