உயிர் மீண்ட பிள்ளையும் பாடசாலையும்

மூளையில் கட்டி கண்ட குழந்தை பிழைப்பது ஒரு காலத்தில் அரிதினும் அரிதாக இருந்தது. சிறுமூளையில் தோன்றும் கொடிய கட்டியொன்றுக்கு 'மெடுலோபிளாஸ்டோமா' என்று 1925இல் பெயரிட்டவர்கள் பெய்லி, குஷிங் என்னும் அமெரிக்க வைத்தியர்கள். சத்திர சிகிச்சையில் பெரும்புகழ் பெற்றவர் குஷிங். அவரே 1930இல் 61 நோயாளரின் வரலாற்றை எழுதியபோது, மூன்றாண்டு கடந்து வாழ்ந்தவர் ஒருவரே.

1953இல் மான்செஸ்டர் நகரத்துப் பேட்டர்சனும் ஃபாரும், மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் முழுமையாகக் கதிர் பாய்ச்சி, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மூன்றாண்டு பிழைத்ததை அறிவித்தனர். இலங்கையில் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலை 1950களில் தோன்றியது.

பிழைத்த பிள்ளைகள் பாடசாலைக்குத் திரும்பிய பின்னரே அடுத்த உண்மை புலப்பட்டது. அவர்கள் கற்றதை மறந்துவிடவில்லை. புதிதாய்க் கற்பதில்தான் பின்தங்கினர். ஆகவே ஆண்டு செல்லச் செல்ல ஒத்த வயதினருக்கும் அவர்களுக்கும் இடைவெளி விரிந்தது. மூளையின் வெண்பகுதியிலுள்ள நரம்பிழைகளின் உறை வளரும் பருவத்திலே கதிர் அதனைத் தாக்குகிறது. கவனம் சிதறுகிறது, கேட்டதை மனத்தில் நிறுத்திக் கணக்கிடுவதும் விரைந்து எழுதுவதும் கடினமாகின்றன. வயது குறையக் குறையக் கேடு மிகுதி.

வெலிமடைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ ஆறு வாரச் சிகிச்சைக்காகத் தாய் நாட்சம்பளத்தை இழந்து, மலையிறங்கி மகரகமைக்குச் செல்ல வேண்டும். திரும்பிய பிள்ளை ஓடி விளையாடுகிறது, தலைமயிரும் முளைத்துவிடுகிறது. நோய் போயிற்று என்றே லயத்தில் அனைவரும் கொள்வர். ஈராண்டு கழித்து ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நேரம் போதாமல் பாதித் தாளோடு எழுந்தால், அதற்கும் அந்தப் பழைய சிகிச்சைக்கும் முடிச்சுப் போடுபவர் யார்? 'சோம்பேறி' என்ற பட்டமே எளிதிற் கிடைக்கும். (பரீட்சை மணி அறிவை அளக்கிறதா, வேகத்தை அளக்கிறதா என்பது தனி வழக்கு.)

வைத்தியர்கள் வாளாவிருக்கவில்லை. மூன்று வயதுக்குட்பட்டோருக்குக் கதிரைத் தள்ளிப்போட்டு மருந்தால் காலங்கடத்தும் முறையின் பயன் 1993இல் வெளியாயிற்று. கட்டி பரவாத சற்று மூத்த பிள்ளைகளுக்கு, மருந்தையும் சேர்த்து, மூளை முழுவதற்குமான அளவை 36 கிரேயிலிருந்து 23.4 கிரேயாகக் குறைத்தும் நற்பலன் கண்டதாக 1999இல் அறிக்கை வந்தது. ஆயினும் இழப்பு குறைந்ததேயன்றி அகலவில்லை. அம்மருந்துகளில் ஒன்றான சிஸ்பிளாட்டின் செவிப்புலனையும் மங்கச் செய்யும்; வகுப்பில் பின்வாங்கில் அமரும் பிள்ளைக்கு ஆசிரியரின் பாதிச் சொல் எட்டாது. முன்வரிசையில் ஓர் இடமும், பரீட்சையில் அரைமணி கூடுதலும், வைத்தியரிடமிருந்து பாடசாலைக்கு ஒரு கடிதமும் இருந்தால், அப்பிள்ளை எழுதத் தெரிந்ததை எழுதி முடிக்கலாம்.