முன்சூல்வலிப்பும் பிற்கால இதய நோயும்

முன்சூல்வலிப்பு என்பது கர்ப்பத்தின் 20ஆம் வாரத்துக்குப் பின் இரத்த அழுத்தம் 140/90 அளவையோ அதற்கு மேலோ எட்டி, சிறுநீரில் புரதம் வெளியேறும் அல்லது கல்லீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை. முற்றினால் வலிப்பு வரும், அது சூல்வலிப்பு. பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் அழுத்தம் பெரும்பாலும் இறங்கிவிடும். அத்தோடு நோய் தீர்ந்தது என்றே நெடுங்காலம் நம்பினர்.

1843இல் லண்டன் கைஸ் (Guy's) மருத்துவமனையின் மருத்துவர் ஜான் லீவர், வலிப்பு கண்ட கர்ப்பிணிகளின் சிறுநீரைக் காய்ச்சியபோது ஆல்புமின் என்னும் புரதம் திரண்டது. இதனால் அரை நூற்றாண்டுக்கு இது சிறுநீரக நோயின் சாயலிலேயே பார்க்கப்பட்டது. 1896இல் இத்தாலியரான ரீவா-ரோச்சி கைப்பட்டைக் கருவியை அமைத்த பிறகே அழுத்தத்தை எளிதாக அளக்க முடிந்தது. பிற்கால விளைவை முதலில் பொறுமையாக ஆராய்ந்தவர் லியான் செஸ்லி. மருத்துவர் அல்லர், உடலியல் அறிஞர். நியூ ஜெர்சியின் மார்கரெட் ஹேக் மகப்பேறு மருத்துவமனையில் 1931 முதல் 1951 வரை சூல்வலிப்பிலிருந்து பிழைத்த சுமார் 270 பெண்களை 1970கள் வரை விடாமல் பின்தொடர்ந்தார். தலைப்பிரசவத்தில் வலிப்பு வந்த வெள்ளையினப் பெண்களின் ஆயுள் குறையவில்லை, அடுத்தடுத்த பேறுகளில் வந்தவர்களுக்கே ஆபத்து என்பது அவர் முடிவு. இம்முடிவு நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

அதை அசைத்தது நார்வேயின் பிறப்புப் பதிவேடு. 1967–1992 காலத்தின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்த 2001ஆம் ஆண்டு ஆய்வில், முன்சூல்வலிப்போடு குறைமாதத்தில் பெற்ற தாய்மார் இதய, இரத்தக்குழாய் நோய்களால் இறக்கும் வாய்ப்பு, அந்நோயின்றி நிறைமாதத்தில் பெற்றவர்களைவிட எட்டு மடங்காக இருந்தது. 2007இல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது பிற்கால உயர் இரத்த அழுத்தம் 3.7 மடங்கும், மாரடைப்பு உள்ளிட்ட இதயக் குருதிக்குறை நோய் 2.16 மடங்கும், பக்கவாதம் 1.81 மடங்கும் இருப்பது தெரிந்தது.

காரணம் இன்னும் உறுதியாகவில்லை. தாயின் இரத்தக்குழாய்களில் முன்பே இருந்த பலவீனத்தைக் கர்ப்பம் ஒரு சோதனைபோல வெளிக்காட்டுகிறது என்பது ஒரு விளக்கம்; முன்சூல்வலிப்பே குழாய்களைக் கெடுத்துவிடுகிறது என்பது மற்றொன்று. கருப்பையின் சுருள் தமனிகள் போதிய அளவு விரியாததால் நஞ்சுக்கொடிக்கு இரத்தம் குறைகிறது. அங்கிருந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் புரதங்கள் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. கர்ப்பகால நீரிழிவு, குறைப்பிரசவம் ஆகியவையும் இதய நோய் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

2011இல் அமெரிக்க இதயச் சங்கம் முன்சூல்வலிப்பைப் பெண்களின் இதய நோய் அபாயக் காரணிகளில் சேர்த்தது. இத்தகைய தாய்மார் பிரசவத்துக்குப் பின்னும் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்துக்கொள்வது இன்றைய பரிந்துரை.