ஆறு ஷில்லிங்

விளையாட்டிலே வர்க்க பேதம் இல்லை என வாதிப்போர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் றக்பி ஆட்டத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நன்று.

1871இல் இங்கிலாந்தின் றக்பிச் சங்கத்தை நிறுவியோர் கனவான்கள். ஆயினும் அடுத்த இருபதாண்டுகளில் யோர்க்ஷயர், லங்காஷயர் பகுதிகளின் சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் அவ்வாட்டத்தைத் தமதாக்கிக் கொண்டனர். 1892இல் இங்கிலாந்து ஒரு புள்ளியும் விட்டுக்கொடாது அயல்நாடுகள் மூன்றையும் வென்றது. வடபுலத்து வீரரின்றி அவ்வெற்றி ஏது?

தொழிலாளிக்குச் சனிக்கிழமை முற்பகலும் வேலைநாளே. வெளியூருக்கு ஆடச் சென்றால் கூலி போய்விடும். அந்த இழப்பையேனும் ஈடுசெய்யுங்கள் என்று 1893இல் யோர்க்ஷயர் பிரதிநிதிகள் லண்டன் கூட்டத்திற் கேட்டனர். அவர்கள் சம்பளம் கேட்கவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். 282க்கு 136 என்ற வாக்குகளால் அக்கோரிக்கை தோற்கடிக்கப்பட்டது. காசு பெறாது ஆடுவதே பண்பு என்றனர், காசுக்கு உழைக்கும் தேவையற்றோர். 1895 ஆகஸ்ட் 29இல் வடபுலக் கழகங்கள் ஹடர்ஸ்பீல்டிற் கூடித் தனிச் சங்கம் அமைத்தன. நாளுக்கு ஆறு ஷில்லிங் ஈடு வழங்க இசைந்தன. பழைய சங்கத்தின் இங்கிலாந்து அணியோ நாடுகளிடைப் போட்டியில் மீண்டும் முதலிடம் பெற 1910 வரை காத்திருக்க நேர்ந்தது.

அவ்விடைவெளியில் எழுந்தது வேல்ஸ். அங்கே சுரங்கத் தொழிலாளியும் படித்தவரும் ஓரணியில் ஆடினர். தம் வீரர் ஆர்தர் கூல்டுக்கு மக்கள் திரட்டிய நிதியில் வீடு வழங்க முற்பட்டபோது, அது மறைமுக ஊதியமென ஏனைய நாடுகள் ஆட்சேபித்தன. வேல்ஸ் சர்வதேசச் சபையினின்றும் விலகியது. 1897இல் வீட்டைக் கொடுத்தே விட்டது. வடக்கை இழந்த இங்கிலாந்துச் சங்கம் வேல்ஸையும் இழக்க அஞ்சி இறங்கி வந்தது. ஒழுக்க விதி எவ்வளவு எளிதில் வளைந்தது!

1905 டிசம்பரில் இங்கிலாந்தை 15-0 என வீழ்த்திய நியூசிலாந்தரை, இரு வாரங்களின் பின் காடிப் நகரில் வேல்ஸ் 3-0 என வென்றது. அந்நெடும் பயணத்தில் அவர்கள் கண்ட ஒரே தோல்வி அது. 1900 முதல் 1911 வரை ஆறு தடவை வேல்ஸ் அயல்நாடுகள் மூன்றையும் ஒரே பருவத்தில் வென்றது.

ஊதியத் தடை நீங்கியது 1995 ஆகஸ்டில். ஹடர்ஸ்பீல்ட் பிரிவுக்கு நூறாண்டு நிறையச் சில நாட்களே இருந்தன. அதற்கு இரு மாதங்கள் முன்னர்தான் தென்னாபிரிக்க, நியூசிலாந்து, அவுஸ்திரேலியச் சங்கங்கள் ரூபேட் மேர்டொக்கின் நிறுவனத்துக்குப் பத்தாண்டு ஒளிபரப்பு உரிமையை 55 கோடி அமெரிக்க டொலருக்கு விற்றிருந்தன.