விருந்து மட்டும் மிஞ்சிய கதை

சட்டக் கல்லூரிப் பசங்க கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு, இல்லாத ஒரு வழக்குக்காக "மை லார்ட்" என்று மல்லுக்கட்டுவதைப் பார்த்திருப்பீங்க. மூட் கோர்ட் என்று பெயர். நேற்று வந்த போட்டி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தோண்டினால் 15-ஆம் நூற்றாண்டு லண்டனில் போய் நிற்கிறது.

அன்று ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் ரோமானியச் சட்டமும் திருச்சபைச் சட்டமும்தான். இங்கிலாந்து கோர்ட்டில் நடக்கிற சட்டத்தைக் கற்க லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் என்ற நாலு வழக்கறிஞர் விடுதிகளில் ஒன்றில் சேரணும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதே கூடத்தில் மூட். மூத்தவர்கள் நீதிபதிகள். கடைசி நிலை மாணவர்கள் வழக்குரையை மனப்பாடமாக ஒப்பிக்கணும், அதுவும் கோர்ட்டுக்கென்றே இருந்த ஒரு பிரெஞ்சில்! அடுத்த நிலையினர் எழுந்து வாதாடுவார்கள். அந்த நிலைக்கு உயர்த்துவதுதான் 'பாருக்கு அழைப்பது'. பாரிஸ்டர் என்ற சொல்லே இந்தச் சாப்பாட்டுக் கூடத்தில் பிறந்ததுதான்.

1642-இல் உள்நாட்டுப் போர் வந்தது, விடுதிப் படிப்பு நின்றது. பிறகு மூட் பெயரளவுக்குத் திரும்பி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் செத்தே போனது. சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. இத்தனை விருந்தில் உட்கார்ந்தால்தான் பாரிஸ்டர் என்ற விதி அப்படியே இருந்தது. 1872-இல் தேர்வைக் கட்டாயமாக்கினார்கள். அது எழுத்துப் படிப்பு, வாய் திறக்கும் பயிற்சி இல்லை.

1888-இல் இன்னர் டெம்பிளில் சேர்ந்த காந்தி இதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். நாலு பேருக்கு ரெண்டு பாட்டில் ஒயின். அவர் குடிக்க மாட்டார் என்பதால் அவரைத் தங்கள் மேசைக்கு இழுக்க ஒரே போட்டியாம். 1891 ஜூனில் பாரிஸ்டர் ஆனார்.

பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதல் வழக்கு, மமிபாய் என்ற பெண்ணுக்காக. ஃபீஸ் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். மூட் இருந்திருந்தால் பேசியிருப்பார் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், கூச்சம் அவர் கூடப் பிறந்தது. ஆனால் கால் நடுங்குவது முதலில் விடுதிக் கூடத்தில் நடந்து முடியட்டும், கட்சிக்காரர் தலையில் விடிய வேண்டாம் என்பதற்குத்தானே அந்த ஏற்பாடே?

பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு, மமிபாய் ஜெயித்தாரா தோற்றாரா என்றுகூடத் தெரியாமல் வெளியேறினார். வழக்கு 51 ரூபாய்க்குப் பட்டேல் என்ற வக்கீலிடம் போனது.