உப்புக் காற்றும் பழைய புல்லட்டும்

எங்கள் மரக்காணம் உப்பளக் காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா. ஆனாலும் மட்கார்டு பொடிந்த பழைய புல்லட்டைக்கூட இங்கே வீட்டுத் திண்ணையில் பிரித்துப் போட்டு ஓட வைத்துவிடுகிறார்கள். அது எப்படி முடிகிறது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த வண்டி. 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு முழு வண்டியும் இங்கேயே உருவானது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977-இல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது! (இதைப் பாடப்புத்தகத்தில் யாரும் போடவில்லை.) பெரிய மாற்றமில்லாமல் அதே வார்ப்பிரும்பு எஞ்சின் பல பத்தாண்டுகள் வந்ததால்தான் பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட் எல்லாம் இன்றும் கிடைக்கின்றன.

இளைஞர்கள் சிலர் சேஸிஸை அறுத்து, ஹேண்டில்பாரை உயர்த்தி, வலது கால் கியரை இடப்பக்கம் மாற்றத் துடிக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டி மூல வடிவத்திலேயே இருந்தால்தான் 'வின்டேஜ்' பதிவும் 'விஏ' எழுத்துள்ள எண்ணும் கிடைக்கும். அறுத்த வண்டிக்கு அந்த வாய்ப்பு போய்விடும். பெயின்ட் அடிக்குமுன் துருவைச் சுத்தமாகச் சுரண்டி, பிரைமர் பூசுங்கள். ஓட்டி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து வையுங்கள்.