பொட்டி தட்டுறது வாலாஜாபாத்துல, தொழில் வரி பெங்களூருக்கு

போன மாசம் சம்பளச் சீட்டை பிரிண்ட் எடுத்து மேஜை மேல வெச்சிருந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வரியா படிச்சார் (ரிட்டயர்டு வாத்தியார், எந்தக் காகிதத்தையும் திருத்தாம விடமாட்டார்).

"தொழில் வரி 200 ரூபான்னு போட்டிருக்கே, யாருக்குடா போவுது?"

"கர்நாடக அரசாங்கத்துக்குப்பா. கம்பெனி பெங்களூர்ல இருக்குல்ல."

"நீ எங்கடா இருக்கே?"

2020 லாக்டவுன்ல ஊருக்கு வந்தவன், இன்னும் திரும்பிப் போகல. கம்பெனிக்காரங்களும் கூப்பிடல. பாலாத்தங்கரையில உக்காந்து பொட்டி தட்டிட்டு இருக்கேன். அப்பா கேட்டது சின்னக் கேள்விதான். ஆனா தோண்டத் தோண்ட ஆயிரம் வருஷம் பின்னாடி போயிடுச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு விஷயம். நம்ம நாட்டுல சம்பளத்துக்கு வருமான வரி போடுறது மத்திய அரசு மட்டும்தான். அமெரிக்கா மாதிரி மாநிலத்துக்கு மாநிலம் தனி வருமான வரி கிடையாது. அங்கே நியூ ஜெர்சியில வீட்டுல இருந்தபடி நியூயார்க் கம்பெனிக்கு வேலை பார்த்தா, நியூயார்க்கும் கை நீட்டும். கொரோனா சமயத்துல வீட்டுலேர்ந்து வேலை பார்த்தவங்க கிட்டயும் மாசசூசெட்ஸ் வரி கேட்டுச்சுன்னு நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2021-ல அந்த வழக்கையே எடுத்துக்க மாட்டோம்னு கோர்ட் கைவிரிச்சிருச்சு.

நம்ம கிட்ட அந்த வம்பு தொழில் வரி வடிவத்துல குட்டியா இருக்கு. அரசியல் சட்டம் 276-வது பிரிவு, தொழில், வணிகம், வேலை மேல மாநிலங்களும் உள்ளாட்சிகளும் வரி போடலாம்னு சொல்லுது. உச்சவரம்பு முதல்ல வருஷத்துக்கு 250 ரூபாய், 1988-ல வந்த 60-வது திருத்தத்துக்கு அப்புறம் 2,500. கர்நாடகா 1976-லேயே தனிச் சட்டம் போட்டுருச்சு, அங்கே பணம் மாநில கஜானாவுக்குப் போகும். தமிழ்நாட்டுல அப்படி இல்லை. அரையாண்டுக்கு ஒரு தடவை ஊராட்சியோ பேரூராட்சியோ மாநகராட்சியோ வசூல் பண்ணும், அது அந்த ஊரோட சொந்தக் காசு. அப்பாவுக்குக் கோபம் வந்தது இதனாலதான். அவர் வேலையில இருந்தவரை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஊருக்குக் கட்டினவர்.

தொழில் மேல வரிங்கறது இந்தப் பக்கத்துக்குப் புதுசா என்ன? சோழர் கல்வெட்டுகள்ல தறி இறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம்னு வரிசையா வரும். நெசவாளிக்குத் தறி மேல, எண்ணெய் ஆட்டுறவருக்குச் செக்கு மேல. இதுல ஒரு நல்ல கணக்கு இருக்கு: தறி எந்த ஊர்ல இருக்கோ வரியும் அந்த ஊர்ல. இன்னிக்கும் காஞ்சிபுரம் முதலாளி கிட்டேர்ந்து பாவும் பட்டு நூலும் வாங்கிட்டு வந்து கிராமத்து வீட்டுல நெய்யறவங்க இருக்காங்க. யோசிச்சா நானும் அதே கேஸ்தான். என்ன, என் தறிக்கு சார்ஜர் வேணும்.

பக்கத்துல உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல இருக்கிற குடவோலைக் கல்வெட்டுகளைப் பத்தி எல்லாரும் ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921. தேர்தல்னு மட்டும்தான் நமக்குச் சொல்லிக் குடுத்தாங்க. தகுதி விதியைப் பாருங்க: கால் வேலிக்கு மேல வரி கட்டுற நிலம் இருக்கணும், சொந்த மனையில வீடு கட்டிக் குடியிருக்கணும். வாரியத்துல இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் சொந்தக்காரங்களும் மறுபடி நிக்க முடியாது. (பிராமண ஆண்களுக்கு மட்டும்தான் இதெல்லாம். அதை மறைச்சிட்டுப் பெருமை பேசக் கூடாது.) வரி, குடியிருப்பு, ஊர் நிர்வாகத்துல பங்கு, மூணையும் ஒரே முடிச்சாப் போட்டிருக்காங்க. எனக்கு ஓட்டு வாலாஜாபாத் பேரூராட்சியில, தொழில் வரி விதான சௌதாவுக்கு!

எங்க ஊருக்குப் பேரு குடுத்த நவாப் முகமது அலி வாலாஜா காலமும் கம்பெனி காலமும் தறியை விடல, மொதுர்பாங்கற பேர்ல தறிக்கும் கடைக்கும் வரி இருந்துச்சு. 1857 கலகத்துச் செலவை ஈடுகட்ட ஜேம்ஸ் வில்சன் 1860-ல வருமான வரி கொண்டு வந்தார். மதராஸ் கவர்னர் டிரெவெல்யான் இது ஆகாதுன்னு வெளிப்படையாவே எதிர்த்து, தன் குறிப்பைப் பத்திரிகைக்கும் குடுத்துட்டார். உடனே சீமைக்குத் திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. அதே மனுஷன் நிதி உறுப்பினராத் திரும்பி வந்து 1865-ல அந்த வரி காலாவதியாகறதைப் பார்த்தார்! (வரி பிறகு வேற ரூபத்துல வந்துச்சுங்கறது தனிக் கதை.)

எனக்கு நிஜமாவே ஆச்சரியம் குடுத்தது 1920-ம் வருஷத்து மதராஸ் மாவட்ட முனிசிபாலிட்டிகள் சட்டம். அரையாண்டுல மொத்தம் 60 நாள் ஊருக்குள்ள தொழில் பண்றவர் வரி கட்டணும். சரி. தொழில் ஊருக்கு வெளியே இருந்தாலும், 60 நாள் ஊருக்குள்ள குடியிருந்தா அவரும் கட்டணும்! அதே அரையாண்டுக்கு வேற உள்ளாட்சியில ஏற்கெனவே கட்டியிருந்தா, ரசீதைக் காட்டி வித்தியாசத்தை மட்டும் கட்டினாப் போதும். இன்டர்நெட் இல்லாத காலத்துல, வேலை ஒரு இடம், வீடு ஒரு இடம்னு இருக்கிறவனை யாரோ ஒரு குமாஸ்தா யோசிச்சு எழுதியிருக்கார். ஆனா அந்தக் கழிவு மாகாண எல்லைக்குள்ள மட்டும்தான். சென்னைச் சட்டம் எழுதினவர் மைசூர் ரசீதைப் பத்தி எங்கே யோசிச்சிருக்கப் போறார்? அந்தச் சட்டமும் இப்போ இல்லை, 2023 ஏப்ரல்ல 1998-ம் வருஷத்து நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் அமலுக்கு வந்து அதோட இடத்தைப் பிடிச்சிருச்சு.

எங்க எச்.ஆர். கிட்ட கேட்டேன். "உங்க பேஸ் லொகேஷன் பெங்களூர்தானே"ன்னு ஒரே வரியில பதில். அங்கே 2025-லேர்ந்து பிப்ரவரியில மட்டும் 300 பிடிச்சு வருஷக் கணக்கை நேரா 2,500-ல கொண்டு போய் நிறுத்திட்டாங்க. பேஸ் லொகேஷனை மாத்தினா வீட்டு வாடகைப்படி, சம்பள அடுக்கு எல்லாம் மாறுமாம். இதைச் சொன்னதும் அப்பா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சம்பளச் சீட்டை மடிச்சு, அவரோட பழைய தொழில் வரி ரசீதெல்லாம் இருக்கிற ஃபைல்ல சொருகி வெச்சுட்டார்.

அடுத்த அரையாண்டு தொடங்கறதுக்குள்ள எச்.ஆருக்கு இன்னொரு மெயில் போடணும். ஊர்லேர்ந்து பொட்டி தட்டுற மத்தவங்களே, உங்க சீட்டுல எந்த மாநிலம் இருக்கு?