தலைகீழ் ஆற்றுப்படை: சோற்றுப் பொட்டலமும் தேயிலைப் பொட்டலமும்

திருவையாற்றுக்காரனுக்கு நெடுநடை என்றதும் முதலில் ஞாபகம் வருவது அப்பர்தான். கயிலையைப் பார்த்தே தீருவதென்று காசியையும் தாண்டி வடக்கே போகிறார். பாதம் தேய்கிறது, கையால் ஊர்கிறார். கையும் தேய, மார்பால் நகர்கிறார். அதுவும் போனபின் புரண்டு புரண்டு போகிறார். முனிவராய் வந்த சிவன் திரும்பிப் போ என்கிறார். முடியாது என்கிறார். கடைசியில் அங்கே ஒரு பொய்கையில் முங்கி இங்கே எங்கள் ஊர்க் குளத்தில் எழுகிறார். ஆடி அமாவாசைக்கு வருஷா வருஷம் ஊர் இதைக் கொண்டாடுகிறது. சேக்கிழாரின் பிரதியை பக்தியின் வெற்றியாகவே வாசித்துப் பழகிவிட்டோம். எனக்கு வேறொன்று படுகிறது. நடக்கிறவன் தன் உடலைத் தேய்த்துத்தான் பேசுகிறான். வேறு மொழி அவனிடம் இல்லை. அரசியல் இந்த மொழியைக் கைக்கொண்டபோது யாருடைய உடல் வரலாற்றில் ஏறியது, யாருடையது விடுபட்டது?

1961இல் அணுஆயுத எதிர்ப்பு மறியலுக்காக பெர்ட்ரண்ட் ரஸல் லண்டனில் சிறைவைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 89. பெங்களூரில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து இதைப் பத்திரிகையில் படித்த இரண்டு சர்வோதய இளைஞர்களுக்கு வெட்கமாகிவிட்டது. ஒருவர் ராஜஸ்தானைச் சேர்ந்த சதீஷ்குமார், 9 வயதில் சமணத் துறவியாகி 18 வயதில் அதை உதறியவர். மற்றவர் கேரளத்தின் ஈ. பி. மேனன். அணுகுண்டு வைத்திருந்த நான்கு நாடுகளின் தலைநகரங்களுக்கும் நடந்தே போவதென்று முடிவெடுத்து வினோபாவிடம் யோசனை கேட்டார்கள். கையில் காசு வேண்டாம், புலால் உண்ணாமையை விடவேண்டாம் என்றார் அவர். 1962 ஜூன் 1 அன்று டில்லியில் காந்தி சமாதியிலிருந்து கிளம்பினார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் வழியாக மாஸ்கோ. பிறகு பாரிஸ், லண்டன், வாஷிங்டன். கடலைக் கப்பலில் கடந்தார்கள். மொத்தம் சுமார் 8,000 மைல் என்பது கணக்கு. பாரிஸில் ஜெயில். அமெரிக்கா போய்ச் சேர்வதற்குள் கென்னடி கொல்லப்பட்டிருந்தார். காந்தியின் சமாதியில் தொடங்கிய நடை கென்னடியின் சமாதியில் முடிந்தது.

காசில்லாமல் போனதைத் துறவு என்று எடுத்துக்கொண்டால் விஷயத்தைத் தவறவிடுவோம். காசுள்ளவன் களைத்தால் ஓட்டலில் தின்றுவிட்டுப் படுத்துவிடலாம். காசில்லாதவன் ஒரு கதவைத் தட்டியே ஆகணும். தட்டினால் பேசியே ஆகணும். பாகிஸ்தான் எல்லையில் நண்பர் ஒருவர் சோற்றுப் பொட்டலம் கொடுத்தபோது சதீஷ்குமார் வாங்கவில்லை. அது அவநம்பிக்கைப் பொட்டலம், அந்தப் பக்கத்து மனிதன் சோறு போடமாட்டான் என்று நினைப்பதிலிருந்துதான் யுத்தம் வருகிறது என்பது அவர் வாதம். சோவியத் மண்ணில் தேயிலைத் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி அவர்களிடம் நான்கு தேயிலைப் பொட்டலங்களைக் கொடுத்தாள். குண்டு போடும் பித்தம் தலைக்கேறினால் ஒரு நிமிஷம் நிறுத்தி டீ குடிக்கச் சொல்லுங்கள் என்று நான்கு நாட்டுத் தலைவர்களுக்கும் சேதி அனுப்பினாள்.

தமிழ் படித்தவனுக்கு இது ஆற்றுப்படை. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிசொல்வான். எந்த நிலத்தில் யார் என்ன சோறு போடுவார்கள் என்பதுதான் அந்த வரைபடம். பொருநராற்றுப்படை இப்படித்தான் கரிகாலனிடம் கொண்டுவிடுகிறது. ஆனால் இங்கே எல்லாம் தலைகீழ். அரசனிடம் பரிசில் வாங்கப் போகவில்லை. இரந்துண்டு வந்தவன் அரசனுக்குப் பரிசில் கொண்டுபோகிறான்.

இந்தப் பொட்டலத்துக்கு ஒரு முன்கதை தஞ்சை மண்ணில் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு பேருடன் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். வழியில் இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்றார் தஞ்சைக் கலெக்டர் தார்ன். அதை மீறித் தங்க இடம் கொடுத்த கும்பகோணம் பந்துலு அய்யர் சிறை போனார். மற்றவர்கள் சாலையோர மரக்கிளைகளில் சோற்றைப் பொட்டலமாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தைக் கைதுபண்ண முடியாதே! கட்டியவர் பெயர் பொட்டலத்தில் இல்லை.

ஆனால் பொட்டலத்தின் உள்ளே இருந்த அரிசிக்கு ஒரு வரலாறு உண்டு. அதை விளைவித்த பண்ணையாளுக்கு அந்தச் சாலையில் சேர்ந்து நடக்கிற சுதந்திரம் கிடையாது. கேட்காமல் பண்ணையைவிட்டு நகர்ந்தால் சவுக்கடி, சாணிப்பால். 1943க்குப் பிறகு பி. சீனிவாசராவும் தோழர்களும் சங்கம் கட்டித்தான் அந்தக் கட்டு தளர்ந்தது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த முதலமைச்சர் அதே ராஜாஜி. 22 வருஷம் முன்னால் நடந்துபோன சாலையில் இந்த உடல்கள் அவர் கண்ணில் படவில்லையா? நடக்க முடிந்தவனின் நடையைக் கொண்டாடும் வரலாறு, நடக்கவே விடப்படாதவனை வயலோடு சேர்த்து இயற்கைக் காட்சியாக்கிவிடுகிறது. உப்பு நடைக்கும் இது பொருந்தும், சமாதான நடைக்கும் பொருந்தும்.

1962 செப்டம்பரில், அந்த இரண்டு பேர் இன்னும் வழியில் இருந்தபோது, 83 வயது ராஜாஜி காந்தி சமாதான நிறுவனத்தின் சார்பில் விமானத்தில் போய் கென்னடியைச் சந்தித்தார். அணுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்றார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடி. சரி, என்னதான் ஆச்சு? 1963 உடன்படிக்கை சோதனைகளைப் பூமிக்கடியில் தள்ளியது. பிரான்ஸ் கையெழுத்தே போடவில்லை. 1964இல் சீனா வெடித்தது. 1974இல் காந்தியின் நாடும் வெடித்தது. நடை குண்டைத் தடுக்கவில்லை என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

1998 மே மாதம் பொக்ரானில் மறுபடி வெடித்தபோது எனக்குப் பள்ளி விடுமுறை. கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். வாங்கித் தின்றேன், வீட்டுக்கும் ஒன்று கொண்டுபோனேன். மறுவருஷம் மே 11 அன்று சந்தீப் பாண்டேயும் மற்றவர்களும் பொக்ரானிலிருந்து கிளம்பி, 1,500 கிலோமீட்டர் நடந்து, ஹிரோஷிமா நாளில் சாரநாத் சேர்ந்தார்கள். மிட்டாய் எங்கள் ஊர்வரை வந்தது. அந்த நடையைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மரத்தில் கட்டிய சோறு, மாஸ்கோவுக்குப் போன தேயிலை, என் கையில் விழுந்த மிட்டாய் — மூன்றுமே பொட்டலம்தான், மூன்றுமே முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுத்தது. முதலிரண்டையும் கொடுத்தவர்கள் அதிகாரத்துக்கு எதிரே நின்று கொடுத்தார்கள். மூன்றாவது அதிகாரத்தின் கையாலேயே வந்தது. எட்டு வயதில் எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. பெரியவர்களுக்கும் தெரியவில்லை என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.